வேலி காக்காத வேலிக்காத்தான்

1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறை விழுந்ததும் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகவும், ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து அடித்துவிடச் சொன்னதாகவும் கூறுவார்கள். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியபோது ஊருக்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. சனங்களின் வாயில் இருக்கும் பெயரை உத்தரவு போட்டு அழிக்க முடியுமா?

அந்த ஆமணக்கின் பெயரும் வேடிக்கையானதுதான். தாவரவியலில் அது ரிசினஸ். லத்தீன் மொழியில் அதற்கு 'உண்ணி' என்று பொருள். ரத்தம் குடித்து உப்பிய மாட்டு உண்ணியையும் ஓர் ஆமணக்கு முத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் வைத்தவர் தொழுவம் அறிந்தவர் என்பது புரியும்.

எல்லாப் பெயரும் இப்படி உள்ளதைச் சொல்வதில்லை. சீமைக் கருவேலுக்கு நம் பக்கத்தில் வேலிக்காத்தான் என்று பெயர். வேலிக்கும் விறகுக்கும் ஆகுமென்று வைத்த மரம், வேலியைத் தாண்டி புஞ்சை, ஓடை, கண்மாய் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கரிமூட்டம் போடுகிறவர்கள் மட்டும் அந்தப் பெயரைக் குறை சொல்ல மாட்டார்கள். பெரிய வெங்காயத்துக்கு நாம் சொல்லும் 'பல்லாரி' கர்நாடகத்தில் உள்ள ஊர். இன்று மூட்டை மகாராஷ்டிரத்திலிருந்து வந்து இறங்கினாலும் அது பல்லாரிதான்.

மக்காச்சோளத்தின் கதை இன்னும் சுவையானது. பெயரைக் கேட்டால் மெக்கா நகரம் நினைவுக்கு வரும். பயிரின் பூர்வீகமோ மெக்சிகோ. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து, அதே ஆண்டில் நம் மக்காச்சோளத்தின் குருத்தைக் குடைந்த படைப்புழுவும் அமெரிக்கக் கண்டத்தின் பிறவிதான். பயிர் தன் ஊரை மறைத்தது. 'அமெரிக்கன் படைப்புழு' என்று பெயர் வாங்கிய புழுதான் இருவருக்கும் பொதுவான சொந்த ஊரைச் சொன்னது!

இவை பேசிச் சிரிக்க. விதை மூட்டையின் பெயர் அப்படியல்ல. கரிசல் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி ஒரே ஒரு விதைப்பு. நாள் கூடிய ரகத்தைக் குறுகிய கால ரகம் என்று நினைத்துப் போட்டுவிட்டால், கதிர் பிடிக்கும் நேரத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது.

ஆராய்ச்சி நிலையங்கள் வைக்கும் பெயரில் விலாசம் இருக்கும். கே 12 சோளத்தில் உள்ள 'கே', நம் கோவில்பட்டி. உளுந்தில் 'விபிஎன்' என்றால் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன். 'கேகேஎம்' கிள்ளிகுளம், 'கோ' கோயம்புத்தூர். எம்சியூ பருத்திதான் கொஞ்சம் ஊர் சுற்றியது: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. எழுத்து பிறந்த இடத்தைச் சொல்லும், எண் எந்த ரகம் என்று சொல்லும். இரண்டும் தெரிந்தால், அதன் வயதையும் மானாவாரிக்கு ஒத்து வருமா என்பதையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அறியலாம்.

'சூப்பர்', 'கோல்டு' என்று பை நிறைய எழுதியிருப்பது விற்பவர் வைத்த பெயர். பையில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். நீல அட்டை என்றால் சான்று விதை. பச்சை அட்டை உண்மைநிலை விதை. அதன் தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி நாள் நான்கும் அட்டையில் இருக்கும். உளுந்தில் முளைப்பு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அட்டையையும் ரசீதையும் ஒரு கைப்பிடி விதையோடு முடிந்து, அறுவடை வரை பரணில் போட்டு வையுங்கள்.