‘எந்த எஞ்சினும் ஏறும்’ என்பது உண்மையா? – வேறு வருட எஞ்சினை வாங்குமுன் அறியவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த 90களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நடுத்தர வயதில் உள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. உதிரிப்பாகங்கள் வராத அந்தக் காலத்தில், ஒரு காரின் எஞ்சினை இன்னொன்றுக்கு ஏற்றுவதும் எங்கள் மெக்கானிக்மாருக்குக் கைவந்த கலையாக இருந்தது. “எந்த எஞ்சினையும் எதிலும் ஏத்தலாம்” என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது. அன்றைக்கு அது பெருமளவு சரி. இன்றைய வாகனங்களுக்கு அப்படியே பொருந்தாது.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1956 இல் அதற்கு 948 சீ.சீ. எஞ்சின் வந்தது. 1962 இல் 1098 சீ.சீ. ஆனது. இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். 948 இருந்த காருக்குள் 1098 ஐ இறக்கலாம், பலர் இறக்கியும் இருக்கிறார்கள். ஆனால் 1098 வந்தபோது எஞ்சின் மட்டும் மாறவில்லை. கிளச் தட்டு ஆறேகால் அங்குலத்தில் இருந்து ஏழேகால் அங்குலமானது. பின் அச்சின் பல்விகிதம் 4.55 இல் இருந்து 4.22 ஆனது. முன் பிறேக் ட்றம் 7 அங்குலத்தில் இருந்து 8 அங்குலமானது. எஞ்சினை மட்டும் மாற்றினால் கார் பாய்ந்து கிளம்பும், ஆனால் நீண்ட தெருவில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். பிரேக்கோ பழைய வேகத்துக்குச் செய்த பிரேக்காகவே இருக்கும். அடுத்த வருட எஞ்சின் என்பது தனிப்பொருள் அல்ல, அதைச் சுற்றி மாறிய எல்லாவற்றோடும் சேர்ந்த ஒன்று.

இப்போது இந்தக் கேள்வி மீண்டும் எழுவதற்குக் காரணம் தெரிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டபோதும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஹயர் ஓடிப் பிழைக்கும் ஒருவரின் வாகனத்தில் எஞ்சின் போய்விட்டால், வாகனத்தை மாற்றும் வசதி அவருக்கு இல்லை. எஞ்சினைத்தான் மாற்றவேண்டும். பஞ்சிகாவத்தையிலோ உள்ளூர்க் கடையிலோ அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய வாகனத்தின் அதே வருட எஞ்சின் அல்ல.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். கடைகளில் ‘றீகண்டிஷன் எஞ்சின்’ என்று விற்பது திருத்திப் புதுப்பித்த எஞ்சின் அல்ல. ஜப்பானில் ஓடிய வாகனத்தில் இருந்து கழற்றி அனுப்பிய பாவித்த எஞ்சின் அது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இருப்பது அரிது.

எங்கள் தெருக்களில் அதிகம் ஓடும் ரொயோட்டா கொரோல்லா 121 ஐ உதாரணமாகப் பார்ப்போம். அதில் 1496 சீ.சீ. கொண்ட 1 என்.இசட். எஞ்சின் வந்தது. பின்னர் வந்த அக்சியோ 141 இலும் அதே பெயர் கொண்ட எஞ்சின்தான். “ஒரே எஞ்சின், தூக்கி வையுங்கோ அண்ணை” என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. புளொக்கும் ஹெட்டும் ஒரே குடும்பம். மேலே பூட்டியிருப்பவைதான் சிக்கல்.

ஆரம்பகால 121 இல் அக்சிலேற்றரில் இருந்து திரொட்டிலுக்கு வயர் ஓடுகிறது. அக்சியோவில் வயரே கிடையாது. மிதித்த அளவைக் கணினி அறிந்து, ஒரு சிறு மோட்டாரால் திரொட்டிலைத் திறக்கிறது. 121 இன் கணினிக்கு அந்த மோட்டாரை இயக்கத் தெரியாது. ஆகவே நல்ல மெக்கானிக் செய்வது இதுதான்: வாங்கிய எஞ்சினின் புளொக்கையும் ஹெட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இன்ரேக் மனிபோல்ட், திரொட்டில், இன்ஜெக்டர், சென்சர்கள், வயர் கட்டு அனைத்தையும் பழைய எஞ்சினில் இருந்து கழற்றிப் பூட்டுவார். அப்போது காரின் கணினிக்கு எஞ்சின் மாறியதே தெரியாது. மனிபோல்ட்டைப் பூட்டுமுன் பழைய கேஸ்கற்றைப் புதிய ஹெட்டில் வைத்துத் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பலர் பார்ப்பதில்லை.

கியர் பக்கமும் கவனம் தேவை. சி.வி.டி. கியரோடு வந்த எஞ்சினைச் சாதாரண ஒட்டோ கியர் காருக்கு ஏற்றும்போது பின்பக்கத் தட்டைப் பழைய எஞ்சினில் இருந்தே எடுத்துப் பூட்டவேண்டும். சென்சர்களின் சொக்கற் பொருந்தாவிட்டால் வயரை வெட்டி முறுக்கி ஒட்டாதீர்கள். சொக்கற் மாறியிருந்தால் பெரும்பாலும் உள்ளே சென்சரின் வகையும் மாறியிருக்கும். காரின் கணினியையும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் திறப்பைப் பற்றிக் கேளுங்கள். திருட்டுத் தடுப்பு உள்ள வாகனங்களில் திறப்பும் கணினியும் ஒன்றையொன்று அறிந்திருந்தால்தான் எஞ்சின் ஸ்ராட் ஆகும்.

டீசல் வான் வைத்திருப்போருக்கு நிலைமை சற்று இலகு. டொல்பின் வான்களில் வந்த 3 எல் எஞ்சின் 2779 சீ.சீ.; அதே குடும்பத்து 5 எல் 2986 சீ.சீ. இவற்றில் பம்ப் இயந்திர வகை என்பதால் கணினித் தொல்லை இல்லை. ஆனால் பின்வந்த கே.டி.எச். வான்களின் கொமன் ரெயில் எஞ்சின் வேறு உலகம். அவற்றில் பலவற்றின் இன்ஜெக்டரில் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜெக்டர் மாறினால் அதைக் கணினியில் பதியவேண்டும். ஸ்கானர் இல்லாத கராஜில் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

வாங்கும் இடத்தில் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் திரும்பி வாருங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் பால் நிறச் சேறு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முடிந்தால் கொம்பிரஷன் ரெஸ்ற் செய்யுங்கள். சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு பத்து வீதத்தைத் தாண்டினால் யோசிக்கவேண்டும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின் ஒயில் சீல், தண்ணீர் பம்ப், தேர்மோஸ்ரற் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இருநூறு ரூபா சேமிக்கப்போய் மறுபடி எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

இதையெல்லாம் விட முக்கியமானது பத்திரம். வாகனப் பதிவுச் சான்றிதழில் செசி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கம், சீ.சீ. அளவு, எரிபொருள் வகை ஆகியவையும் பதியப்பட்டிருக்கின்றன. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, வாகனத்தைப் பரிசோதிப்பித்து, புத்தகத்தைத் திருத்தவேண்டும். அதற்கு எஞ்சின் இலக்கம் எழுதிய கடைப் பற்றுச்சீட்டும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கையில் இருக்கவேண்டும். காசு கொடுக்குமுன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு கடைக்காரர் உங்களைத் தெரியாதவர் போல நிற்பார். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால் நிதி நிறுவனம்தான் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும், அவர்களின் சம்மதம் தேவை. விபத்து நடந்தபின் புத்தகத்தில் ஓர் இலக்கமும் எஞ்சினில் இன்னோர் இலக்கமும் இருந்தால், காப்புறுதி நிறுவனம் பணத்தை இழுத்தடிக்க அதுவே காரணமாகிவிடும்.

எங்கள் பகுதிக்கு இதில் இன்னொரு கனமும் உண்டு. 2009 இல் முள்ளிவாய்க்காலிலும் புதுமாத்தளனிலும் விட்டு வந்த வாகனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வன்னியின் பழைய இரும்பு வியாபாரத்துக்குள் போன எஞ்சினில் உள்ள இலக்கம், எங்கோ ஒரு குடும்பம் இன்னும் வைத்திருக்கும் புத்தகத்தில் எழுதியிருக்கக்கூடும். மலிவாகக் கிடைக்கிறது என்று பத்திரமில்லாத எஞ்சினை ஏற்றியவர், சோதனைச் சாவடியில் அந்த இலக்கத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்? இலக்கம் அராவப்பட்ட எஞ்சின் என்றால் எவ்வளவு மலிவானாலும் தொடவே கூடாது. திருட்டுப் பொருள் என்ற சந்தேகத்தில் வாகனமே தடுத்து வைக்கப்படலாம். ஹயர் ஓடுபவருக்கு வாகனம் பொலிஸ் வளவில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள்.

இடப்பெயர்வில் தங்கள் வாகனத்தின் புத்தகத்தையே தொலைத்தவர்கள், முதலில் திணைக்களத்தில் அதன் இரண்டாம் பிரதியைப் பெற்ற பின்பே எஞ்சின் மாற்றத்தைத் தொடங்குவது நல்லது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அலைச்சல் இரட்டிப்பாகும். புத்தகம் திருத்தி வரும் வரை பழைய எஞ்சினை விற்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.