வயதை மறைக்கும் முகம்

மனிதனின் வயதை அறிய உலகம் இரண்டு அளவுகோல்களைக் கையாள்கிறது. ஒன்று நாட்காட்டி, மற்றொன்று முகம். நாட்காட்டி எல்லோருக்கும் ஒரே கதியில் நகர்கிறது. முகம் அப்படியன்று. 50 வயதில் 35 போல் தோன்றுவோரும் உளர்; 35 வயதிலேயே 50 போல் தளர்ந்தோரும் உளர். முன்னவரைக் கண்டால் எல்லோரும் வியந்து பாராட்டுகின்றனர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தலைச்சாயத்துக்கும் முகப்பூச்சுக்கும் குறையாத விற்பனை இருப்பதற்கு அந்தப் பாராட்டின் மேல் உள்ள ஆசையும் ஒரு காரணமாகும். ஆயினும், இளமைத் தோற்றம் எப்போதும் நன்மைதானா? அஃது எதிலிருந்து வந்தது என்று பாராமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது.

தமிழர் இதனைச் சங்க காலத்திலேயே ஆராய்ந்துள்ளனர். கோப்பெருஞ்சோழனின் உயிர்த்தோழரான பிசிராந்தையார், ஆண்டு பல ஆகியும் நரையில்லாதிருந்தார். காரணம் யாது என்ற வினாவுக்கு அவர் தந்த விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டாக நிலைத்திருக்கிறது. மூலிகையையோ தைலத்தையோ அவர் காரணமாகக் கூறவில்லை. மனைவியும் மக்களும் பண்பிற் சிறந்தவர். ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர். அரசன் முறை தவறாது காப்பவன். ஊரிலோ அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்றே கூறினார். கவலையற்ற வாழ்வே நரையின்மைக்குக் காரணம் என்பது அப்புலவர் கருத்து.

இன்றைய விஞ்ஞானமும், முகத்துக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று கூறுகிறது. டென்மார்க் நாட்டில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,826 இரட்டையரின் புகைப்படங்களைப் பலரிடம் காட்டி, அவர்களுடைய வயதை ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்தவர்களுள் தாதியர் ஒரு பகுதி, ஆசிரியப் பயிற்சி மாணவர் ஒரு பகுதி, மூத்த பெண்மணிகள் ஒரு பகுதி. பின்னர் அவ்விரட்டையரின் ஆயுளைச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். ஆராய்ச்சியின் முடிவு 2009இல் வெளிவந்தது. வயதுக்கு மீறி முதியவராகத் தோன்றியவர்களே பெரும்பாலும் முந்தி இறந்தனர். உடன்பிறந்த இரட்டையர் இருவருக்குள்ளும், தோற்றத்தில் வேற்றுமை மிகமிக, மூத்தவராகத் தோன்றியவர் முன்னதாக இறக்கும் வாய்ப்பும் மிகுந்தது. ஆகவே, முதியவர் ஒருவரின் இளமைத் தோற்றம் உள்ளுறுப்புகளின் நலத்துக்கு ஓரளவு அடையாளமாகலாம். முதல் நன்மை இதுவேயாகும்.

ஆனால் முகத்தின் இளமை முழுவதும் முயற்சியால் வருவதன்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள், தோலின் உள்ளடுக்கிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளைச் சிதைக்கின்றன. அதனால் சுருக்கம் விழுகிறது. கறுத்த தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் அக்கதிர்களை ஓரளவு தடுப்பதால், அத்தோலில் சுருக்கம் தாமதித்தே தோன்றுகிறது. புகைப்பழக்கம் சுருக்கத்தை விரைவுபடுத்துகிறது. இவற்றோடு பரம்பரையும் சேர்கிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர முதியவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் சில வேறுபாடுகளை உடையோர், வயதுக்கு ஏறத்தாழ 2 ஆண்டு கூடியவராகத் தோன்றினர். தாய் தந்தையர் அளித்த முகத்துக்காக ஒருவன் பெருமை கொள்வதும், மற்றொருவன் வெட்கப்படுவதும் பொருளற்றவை.

முகத்தை நம்பி நோயை மறப்பது அதனினும் கேடு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இந்நாட்டு இந்தியரிடையே அந்நோய் மிகுதி. இரத்தத்தில் ஏறும் சர்க்கரை தொடக்கத்தில் முகத்தில் தெரிவதில்லை. "எனக்கு வயதே தெரியவில்லையே" என்று மகிழ்ந்து இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர், கண்ணும் சிறுநீரகமும் பழுதுபட்ட பிறகே உண்மையை உணர நேரும்.

அடுத்த தீமை நம்பிக்கைக் குறைவு. இளையவனான சோழ மன்னன் ஒருவனிடம் வழக்குரைக்க வந்த முதியோர், இவனால் முறையாகத் தீர்ப்பளிக்க இயலுமோ என்று ஐயுற்றனராம். அவன் நரைமுடி தரித்து முதியவர் கோலத்தில் வந்து, அவர்கள் மகிழத் தீர்ப்பு வழங்கினான் என்ற செய்தி பழமொழி நானூற்றில் இருக்கிறது. அவனே கரிகாலன் என்பர். அரசனுக்கே அந்நிலை என்றால், இளமுகம் கொண்ட ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் தாதிக்கும் நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. 35 வயது ஆசிரியையைப் பயிற்சிக்கு வந்த மாணவி என்று எண்ணிப் பெற்றோர் அவர் சொல்லைப் பொருட்படுத்தாமல் போவதுண்டு. அன்னோருக்கு நரைமுடி தேவையில்லை; தொழிலில் திருத்தமும் பேச்சில் நிதானமுமே தேவை. மதிப்பளிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தகுதியைச் செயலில் காண வேண்டுமேயன்றி முகத்தில் தேடலாகாது.

உருவத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் வழக்கம் மலாயாத் தோட்டங்களிலும் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அக்காலத்தில் ஆண், பெண், சிறுவர் ஆகியோருக்குக் கூலி வெவ்வேறு. பத்திரம் இல்லாத இடத்தில் உருவமே சாட்சி. உருவம் சிறுத்தவனுக்குக் கூலியும் சிறுக்க இடமிருந்தது. 1948இல் அவசரகாலத்தின்போது 12 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் அடையாளக் கார்டு வந்தது. பிறந்த நாளை அறியாதவர் தோராயமான ஆண்டையே சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைய 12 இலக்க அடையாள எண்ணின் முதல் 6 இலக்கங்கள், பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் காட்டுகின்றன. 18 வயதில் வாக்குரிமை, 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம், 60 வயதில் ரயில் கட்டணச் சலுகை ஆகிய யாவும் அந்த எண்களைக் கொண்டே கிடைக்கின்றன. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் "இவருக்கா அறுபது?" என்று எவரேனும் ஐயுற்றாலும், கார்டைக் காட்டினால் விவகாரம் தீர்ந்தது. உரிமைக்கு முகம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பது நல்ல முன்னேற்றம்.

ஆயினும் கார்டு தீர்த்துவைக்காத விஷயம் ஒன்று எஞ்சியுள்ளது. அது குழந்தைகளைப் பற்றியது. முதலாம் வகுப்பில் சேரும் 7 வயதுப் பிள்ளை 5 வயதுப் பிள்ளை போல் இருந்தால், "சின்ன உருவம், பார்க்க அழகு" என்று கொஞ்சுவது வழக்கம். அந்த அழகுக்குப் பின்னால் பசி இருக்கலாம். கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்த நாள் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாட்களில் சத்துக் குறைந்தாலும், நோய் அடிக்கடி தாக்கினாலும் எலும்பு வளர்ச்சி தடைப்படுகிறது. வயதுக்குரிய உயரத்தைப் பிள்ளை எட்டுவதில்லை. மூளை வளர்ச்சியும் படிப்பும் உடன் பாதிக்கப்படுகின்றன.

ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிய பின், கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய தோட்டக் குடும்பங்கள் பல. கோலாலம்பூரில் அத்தகைய அடுக்குமாடிகளில் வாழும் எல்லா இனத்துக் குழந்தைகளையும் பற்றி யூனிசெஃப் நிறுவனம் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 5 வயதுக்குட்பட்டவருள் 22 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரமின்றி இருந்தனர். 23 விழுக்காட்டினரோ அளவுக்கு மீறிப் பருத்திருந்தனர். வயிறு நிறைந்தும் சத்து நிறையாத உணவின் பலன் இது. சோறும் இனிப்புப் பானமும் மட்டும் எலும்பை வளர்ப்பதில்லை. முட்டை, மீன், பருப்பு, பால், கீரை ஆகியவையும் வேண்டும்.

குட்டையான பிள்ளை ஒவ்வொன்றும் பசித்த பிள்ளை என்பதன்று. பெற்றோர் குட்டையாயின் பிள்ளையும் அவ்வாறிருக்கலாம். சிலருக்கு வளர்ச்சி தாமதித்து வருவதும் உண்டு. வேற்றுமையைக் கண்ணால் அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும். சுகாதார நிலையத்தார் தரும் வளர்ச்சிப் பதிவேட்டில் உயரமும் எடையும் தொடர்ந்து குறிக்கப்பட்டால், கோடு ஏறுகிறதா, தேங்குகிறதா என்பது விளங்கும். கோடு தேங்கினால் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோர் கடமை. வகுப்பில் உருவம் சிறுத்த பிள்ளையைக் குறித்துவைத்துப் பெற்றோரை அழைத்துப் பேசுவதும், பள்ளி உணவுத் திட்டத்தில் அதன் பெயரைச் சேர்க்க முயல்வதும் ஆசிரியர் கடமை.

"வயதே தெரியவில்லை" என்பது முதியவரிடத்தில் வாழ்த்து. குழந்தையிடத்தில் அது விசாரிக்க வேண்டிய செய்தி. பிசிராந்தையாரின் இளமை நிறைந்த வாழ்வின் அடையாளம். நிறையாத உணவுத் தட்டிலிருந்து வந்த சிறுமையை அதனோடு ஒன்றாக எண்ணலாகாது.