சுவருக்குள் சுண்டெலி: விஷம் வைக்கும் முன்…

செங்கல் சுவருக்குள் எலி எப்படிப் போகும் என்று பலரும் கேட்கிறார்கள். வயர் பைப் புதைக்கக் காடி வெட்டிய இடம், ஏசியின் செம்புக் குழாய்க்குத் துளைத்த ஓட்டை, மாடுலர் கிச்சன் பலகைக்குப் பின்னால் விட்ட சந்து, ஃபால்ஸ் சீலிங்கின் மேற்புறம், அடுக்குமாடிகளில் குழாய்கள் இறங்கும் டக்ட் என்று நாமே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறோம். விளக்கணைத்த பிறகு கேட்கும் கரகர சத்தம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

வளர்ந்த சுண்டெலி 20 கிராம் எடைதான் இருக்கும். பென்சில் நுழையும் சந்து, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், அதற்குப் போதும். சினைக்காலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். அவையும் இரண்டு மாதத்துக்குள் ஈனத் தொடங்கிவிடும். ஒன்றுதானே என்று விட்டுவிடக்கூடாது.

நீண்ட மூக்கோடு, கீச்சிட்டபடி சுவரோரமாக ஓடி, கெட்ட வாடையை விட்டுப்போவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. பூச்சி தின்ன வருவது. வீட்டில் கரப்பான் ஒழிந்தால் அதன் வரவும் குறையும்.

விஷம் ஏன் வேண்டாம்?

சத்தம் கேட்டதும் கடைக்குப் போய் எலி கேக் வாங்கி வந்து வைப்பதுதான் நம் வழக்கம். இதில் பொதுவாக இருக்கும் புரோமாடியோலோன் போன்ற மருந்துகள், ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாட்கள் கழித்தே கொல்லும். அதற்குள் எலி தன் வளைக்குத் திரும்பிவிடும். தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்று நம்புவதில் பொருளில்லை. பலகைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் நாள்கணக்கில் நாற்றமும் ஈயும்தான். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும்கூட ஆபத்து.

இதைவிடக் கொடியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். அதற்கு முறிமருந்து கிடையாது. ஆள் வசிக்கும் வீட்டுக்குள் வைக்கவே கூடாத பொருள் அது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிமருந்து வைத்திருந்த வீட்டில் ஏசி போட்டு உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பூச்சிக்கொல்லி ஆட்கள் வந்தால், என்ன மருந்து, எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. எங்காவது மிச்சம் கிடக்கலாம். அதை விழுங்கியவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். பிறகுதான் கல்லீரல் கெடும். எந்த எலிமருந்தானாலும் வாயில் பட்டது தெரிந்த உடனே, அதன் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

சந்தேகப்படும் ஓட்டைகளில் இரவு செய்தித்தாளை லேசாகத் திணித்து வையுங்கள். காலையில் எந்தத் தாள் வெளியே தள்ளியோ உள்ளே இழுத்தோ கிடக்கிறதோ, அதுதான் வழி. சுவரோரம் கோலமாவு தூவினால் காலடித் தடமும் வாலின் கோடும் தெரியும். எப்போதும் போய்வரும் இடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறை படிந்திருக்கும். சிங்க்குக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பல வீடுகளில் கொத்தனார் பூசாமல் விட்ட இடம் அது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது உள்ளேயே சாகும். வெளியிலிருந்து வரும் வழிகளை முதலில் அடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுகத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். நுரை ஃபோமை மட்டும் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும். வீட்டுக்குள் திறக்கும் ஓட்டையை மட்டும் விட்டுவைத்து, அதன் எதிரே பொறி வையுங்கள்.

பொறி வைக்கும் விதம்

சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும். ஆகவே அடிப்பொறியின் இரை முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். முழு மசால்வடை வேண்டாம். கடலைப்பருப்பு அளவு கருவாடோ சுட்ட தேங்காயோ போதும். பெரிய துண்டென்றால் ஓரத்தைக் கொறித்துவிட்டுத் தப்பிவிடும். நாலைந்து பொறிகளை ஒரே இரவில் வைப்பது நல்லது. பசை அட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடிக்கும், அந்தத் துடிப்பில் சிறுநீர் கழிக்கும்; நோய்க்கிருமி இருப்பதே அதில்தான். சில நாட்கள் பொறி காலியாக இருந்து, திணித்த தாளும் அசையாமல் இருந்தால் கடைசி ஓட்டையையும் பூசிவிடலாம்.

எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கலாமா?

கூடாது. காய்ந்த எச்சம் தூசியோடு பறந்து மூச்சில் சேரும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தாளால் துடைத்தெடுங்கள். அந்தத் தாளையும் செத்த எலியையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி கடித்த பலகாரத்தை ஓரம் வெட்டிவிட்டுச் சாப்பிடுவது தவறு. முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

காய்ச்சல் வந்தால்

எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை எலிக்காய்ச்சலின் ஆரம்ப அறிகுறிகள். பலருக்கு ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும். தாமதித்தால் சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எலி இருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடலாம்.