இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும்: ப்ளூ ஜேஸும் கடைசி இனிங்ஸ் வியாதியும்

2025 நவம்பர் முதலாம் திகதி இரவு. ரொறன்ரோ ரொஜர்ஸ் சென்டரில் உலகத் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். ஒன்பதாவது இனிங்ஸ் தொடங்கும்போது எங்கள் ப்ளூ ஜேஸ் அணி, லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸை 4-3 என்று முந்தி நின்றது. மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். ஒருவர் போய்விட்டார். இன்னும் இரண்டு பேர். அடித்தாடும் வரிசையில் ஒன்பதாவதாக, அதாவது கடைசி ஆளாக வரும் மிகுவேல் ரொஹாஸ் மட்டையோடு நின்றார். ஜெஃப் ஹொஃப்மன் ஒரு ஸ்லைடர் எறிந்தார். அது இடதுபக்க வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. 4-4. பதினோராவது இனிங்ஸில் வில் ஸ்மித் இன்னொரு ஹோம் ரன் அடிக்க, 5-4 என்று கதை முடிந்தது.

அன்றிரவுதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நாள். ஒரு மணித்தியாலம் போதாது என்று நினைத்துக்கொண்டு தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமாவும் கூடவே இருந்து பார்த்தார். கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, ஆளாளுக்கு மாத்திக்கொண்டே இருக்கினமே, முதல் நல்லா எறிஞ்ச கிழவனை ஏன் திருப்பிக் கூப்பிடேல்லை?"

கிழவன் என்று அவர் சொன்னது 41 வயதான மக்ஸ் ஷேர்சரை. ஆட்டத்தைத் தொடங்கி, நான்கு இனிங்ஸுக்குச் சற்று மேலாக எறிந்து, ஒரேயொரு ஓட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர். அவரைத் திருப்பிக் கூப்பிட முடியாது. பேஸ்போலில் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குள் மறுபடி வரவே முடியாது. மாலிங்கவுக்கு இரண்டு ஓவர் கொடுத்து, எல்லைக்கோட்டுக்கு அனுப்பி, பதினேழாவது ஓவரில் திரும்பக் கூப்பிடுகிற வசதி இங்கே இல்லை. பிட்சர் என்று சொல்லப்படும் பந்தெறிபவரை மாற்றுவது ஒருவழிக் கதவு.

ஆனால் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அதை மாமாவுக்கு விளக்கும்போதுதான் எனக்கே என் கோபத்தின் காரணம் முழுதாகப் பிடிபட்டது.

2014 ஏப்ரல் 6, மிர்பூரில் நடந்த ரி20 உலகக் கிண்ண இறுதியாட்டம் எங்கள் ஆட்களுக்கு நினைவிருக்கும். கடைசி நான்கு ஓவர்களில் இந்தியா எடுத்தது வெறும் 19 ஓட்டங்கள். மாலிங்கவும் குலசேகரவும் மட்டைக்கு எட்டாத தூரத்தில், ஓஃப் பக்கம் அகலமாக யோக்கர் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11 ஓட்டங்களோடு திணறினார். அங்கே இலங்கைக்கு விக்கெட் தேவைப்படவில்லை. பந்துகள் கழிந்தால் போதும், ஓவர்கள் தாமாகவே முடிந்துவிடும்.

பேஸ்போலில் எதுவும் தாமாக முடிவதில்லை. ஒன்பது இனிங்ஸ், இனிங்ஸுக்கு மூன்று பேர், மொத்தம் 27 பேர். இருபத்தேழாவது ஆளை வெளியே அனுப்பும்வரை ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டாத தூரத்தில் எறிந்து நேரத்தைக் கடத்தவும் முடியாது. எல்லைக்கு வெளியே நான்கு பந்து எறிந்தால், அடிக்க நின்றவர் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போய்விடுவார். முன்னிலையைக் காக்க ஒரே வழி, அடிக்கக்கூடிய இடத்தில் எறிந்து, அடிக்க விடாமல் செய்வதுதான். ரொஹாஸுக்கு எதிராக ஹொஃப்மன் நின்ற நிலையும் அதுவே. மூன்று பந்துகள் வெளியே போயிருந்தன, இரண்டு ஸ்ட்ரைக். இன்னொன்று வெளியே போனால் சமநிலை ஓட்டம் தளத்தில் நிற்கும். ஆகவே உள்ளே எறிந்தார். கடைசி நொடியில் வளைந்து விலகவேண்டிய ஸ்லைடர், விலகாமல் அடிப்பதற்கு வாகான உயரத்தில் மிதந்து வந்தது.

இனி, இந்தக் கடைசிப் பொறுப்பு ஏன் எப்போதும் இரண்டாந்தர ஆட்களிடம் போகிறது என்ற கேள்வி. ஓர் அணியின் 26 பேரில் அதிகபட்சம் 13 பிட்சர்கள். அவர்களில் ஐவர் ஆட்டத்தைத் தொடங்குபவர்கள். அணியின் மிகச் சிறந்த கைகள் அவர்களுடையவை. மற்றவர்கள் புல்பென் என்ற ஒதுக்குப்புறத்தில் உட்கார்ந்து, தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பவர்கள். முன்பெல்லாம் தொடங்கியவரே முடித்தும் வைப்பார். இப்போது அப்படியில்லை. ஒரே பிட்சரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை சந்திக்கும்போது அடிப்பவர்கள் அவரை நன்றாகவே படித்துவிடுகிறார்கள் என்று கணக்குகள் காட்டின. அதனால் ஐந்தாவது, ஆறாவது இனிங்ஸிலேயே தொடங்கியவரை எடுத்துவிடுகிறார்கள். 162 ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதும், ஆட்டத்துக்கு ஒன்பது பத்துப் பேரை வெளியே அனுப்பும் சுமை புல்பென்னில் இருப்பவர்களின் தலையில். ஒக்ரோபர் வரும்போது அந்தக் கைகளில் என்ன மிஞ்சியிருக்கும்?

பிரெண்டன் லிட்டில் இதற்கு நல்ல உதாரணம். 2025 பருவத்தில் ப்ளூ ஜேஸ் மிக அதிக ஆட்டங்களில் கூப்பிட்டது இந்த இடதுகைக்காரரைத்தான். ஒக்ரோபர் 17, சியாட்டிலில் அமெரிக்க லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். எட்டாவது இனிங்ஸ், நாங்கள் 2-1 என்று முன்னிலை. முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் லிட்டிலை அனுப்பினார். முதல் ஆள் கல் ராலி ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினார். அடுத்த இருவருக்கும் நடை. 2020 முதல் ஒரு விதி உண்டு: இனிங்ஸ் இடையில் முடிந்தாலொழிய, உள்ளே வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேருக்காவது எறிய வேண்டும். ஆகவே கை சரியில்லை என்று தெரிந்தாலும் முகாமையாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். மூன்று பேர் முடிந்ததும் லிட்டில் போனார், செரந்தனி டொமிங்கெஸ் வந்தார். ஒருவர் உடம்பில் பந்து பட, தளங்கள் நிரம்பின. யூஹேனியோ சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள், 6-2. பத்து நாட்கள் கழித்து, உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இனிங்ஸ் வரை நீண்டபோது, ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்ததும் லிட்டிலின் பந்திலேதான். அவ்வளவு பேரை எறியவைத்த பிறகு புல்பென்னில் மிஞ்சியிருந்தவர் அவர். எனக்கு அந்தப் பெடியனில் கோபமில்லை.

ஹொஃப்மன் விடயத்தில் அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அணி அவருக்கு மூன்று வருடங்களுக்கு 33 மில்லியன் டொலர் கொடுத்தது. அவர் 2025 பருவத்தில் 33 ஆட்டங்களைக் காப்பாற்றினார். அதே பருவத்தில் 15 ஹோம் ரன்களும் கொடுத்தார். ஆட்டத்துக்கு ஒரேயொரு இனிங்ஸ் எறிபவருக்கு இது மிகவும் அதிகம். முன்னிலை ஓர் ஓட்டமாக இருக்கும்போது ஆபத்தான ஒரே அடி ஹோம் ரன்தான். அந்த நோயுள்ளவரைத்தான் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். சியாட்டிலை வென்ற ஏழாவது ஆட்டத்தில், அதே 4-3 முன்னிலையோடு, அதே ஒன்பதாவது இனிங்ஸில், மூன்று பேரையும் அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக்-அவுட் செய்தவரும் அவர்தான். அன்று நான் கூரை அதிரக் கத்தினேன்.

அவர் காப்பாற்றிய 33 என்று சொன்னேனே, அந்தக் கணக்கிலும் ஒரு கள்ளம் உண்டு. 'சேவ்' என்ற புள்ளிவிபரம் 1969இல் அதிகாரபூர்வமானது. மூன்று ஓட்ட முன்னிலையோடு வந்து, இரண்டு ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு முடித்தாலும் அது ஒரு சேவ்தான். எழுத்தில் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்.

எங்களுக்கு இது புதிதுமல்ல. 2022 ஒக்ரோபர் 8, இதே மைதானம், இதே சியாட்டில். 8-1 என்று முன்னிலையில் இருந்து, 10-9 என்று தோற்றோம். ஒருவர் மாறி ஒருவராக வந்தார்கள், கடைசியில் ஜோர்டன் ரொமானோ தோல்வியைச் சுமந்தார். ரொமானோ மார்க்கத்தில் பிறந்தவர். எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழும் இடம் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி ஓர் ஒட்டுதல். அந்தப் பருவத்திலும் அடுத்ததிலும் 36 சேவ் எடுத்தார். 2024இல் முழங்கை போய்விட்டது, சத்திரசிகிச்சை, அந்த வருட இறுதியில் அணி அவரை விட்டுவிட்டது. அவருக்கு முன்னால் டுவேன் வார்ட் இருந்தார். 1988 முதல் ஐந்து பருவங்கள் தொடர்ந்து, ஒவ்வொன்றிலும் 100 இனிங்ஸுக்கு மேல் புல்பென்னிலிருந்து வந்து எறிந்தவர். 1993இல் 45 சேவ். அதன்பிறகு கை ஒத்துழைக்கவில்லை, 1994 முழுவதும் விளையாடவில்லை, 1995இல் நான்கே ஆட்டங்கள்.

அந்த 1993 கிண்ணமும் எப்படி வந்தது? ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இனிங்ஸில் ஃபிலடெல்ஃபியா 6-5 என்று முன்னிலை. அவர்களின் கடைசி ஆள் மிட்ச் வில்லியம்ஸ் எறிந்ததை ஜோ கார்ட்டர் வேலிக்கு வெளியே அனுப்பினார். முப்பது வருடத்துக்கும் மேலாக நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மகிழும் அந்தக் காட்சி, இன்னோர் ஊர்க்காரருக்கு ரொஹாஸின் ஹோம் ரன்.

என்னை இன்னும் உறுத்துவது டொட்ஜர்ஸ் செய்த காரியம். அவர்களின் புல்பென் எங்களுடையதைவிட மேல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான்கு வருடங்களுக்கு 72 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய டனர் ஸ்கொட், அந்தப் பருவத்தில் பத்து முன்னிலைகளைக் கோட்டைவிட்டார். உலகத் தொடரில் அவர் ஆடவே இல்லை. ஆகவே அவர்கள் புல்பென்னை நம்புவதை விட்டுவிட்டு, ஆட்டத்தைத் தொடங்குகிற ஆட்களையே கடைசிக்கும் கொண்டுவந்தார்கள். முதல் நாள் இரவு ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் எறிந்த யொஷினோபு யமமொட்டோ, மறுநாள் ஒன்பதாவது இனிங்ஸில் மறுபடி வந்து, பதினோராவது முடியும்வரை நின்றார். நாங்களும் தொடங்குபவர்களைக் கொண்டுவந்தோம்தான். கிறிஸ் பசிட் வந்தார், இளம் ட்ரே யெசவேஜ் வந்தார், ஸ்மித்தின் ஹோம் ரன்னைக் கொடுத்த ஷேன் பீபரும் தொடங்குபவரே. ஆனால் ஒன்பதாவது இனிங்ஸுக்கு மட்டும் வழமையான ஆளை வழமைக்காக விட்டுவைத்தோம். அதே ஒன்பதாவதின் மறுபாதியில் தளங்கள் நிரம்பி ஒருவர் மட்டுமே ஆட்டமிழந்திருக்க, எங்கள் ஆட்களாலும் ஓர் ஓட்டம் எடுக்க முடியவில்லை. இதைச் சொல்லாமல் ஹொஃப்மனை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. அவரோ அன்றிரவே பத்திரிகையாளர்களுக்கு முன்னால் நின்று, எல்லோருடைய கிண்ணத்தையும் தான் தொலைத்துவிட்டதாகப் பொறுப்பேற்றார்.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். போன கிழமை அழைத்தபோது, மழை, வெங்காய விலை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்த ஸ்லைடர்காரன் இன்னும் நிக்கிறானோ?"

"மூண்டு வருச ஒப்பந்தம் மாமா," என்றேன்.