சண்டையை விட்ட சண்டைச் சேவல்

திண்டுக்கல்லில் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகளில் கத்தி கிடையாது, களம் கிடையாது. உரிமையாளர் கையில் நிற்கும் சேவலை நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். மூக்கு, கண், கழுத்து, கால், வால், நிறம் என்று மதிப்பெண் விழுகிறது. சண்டைக்கென்றே உருவான அசில் வம்சத்துப் பறவை, ஒரு கொத்துகூடக் கொத்தாமல் பரிசு வாங்குகிறது.

அலகு குட்டையாக, தடித்து, கிளியைப் போல் கீழே வளைந்திருக்க வேண்டும். வால் நீண்டு, விசிறியாக விரிந்து, சேவல் நடக்கும்போது பின்னால் தோகைபோல் வரவேண்டும். மற்றபடி உடம்பெல்லாம் பழைய போர்வீரன்தான்: இறுகிய தசை, ஒட்டிய இறகு, உயர்ந்த கால். காகம், கீரி, மயில், கொக்குவெள்ளை, நூலான் என்று நிறத்துக்கேற்பப் பெயர் சொல்லுவார்கள்.

வளர்ப்பவர்கள் கொண்டையைப் 'பூ' என்பார்கள். அசில் வகைகளில் அது தலையோடு ஒட்டிச் சிறியதாக இருக்கும். எதிரி கவ்விப் பிடிக்க இடம் தராத கொண்டை களத்தில் பெரிய வசதி. இந்த வகைக் கொண்டைக்குக் காரணம் சாக்ஸ்5 என்ற மரபணுவுக்குள் ஒரு துண்டு பலமுறை பிரதியாகியிருப்பதே என்று 2009இல் கண்டுபிடித்தார்கள்.

சேவற்கட்டு எனப்படும் சேவற்சண்டையின் பழமைக்குச் சான்று தேடி ஏட்டைப் புரட்ட வேண்டாம். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், சண்டையிட்ட கோழி ஒன்றுக்கே நடுகல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். மனிதர்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது?

சண்டைச் சேவல் கண்காட்சிக்கு வந்த கதை இங்கிலாந்திலும் நடந்தது. ஆனால் வேறு திசையில். 1835இலும் 1849இலும் வந்த சட்டங்கள் அங்கே சேவற்சண்டையைத் தடை செய்தன. 1845இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் கோழிக் கண்காட்சி தொடங்கியிருந்தது. சண்டைச் சேவல் வளர்த்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அழகுக்காகத் தேர்ந்து தேர்ந்து, முக்கால் கிலோகூட எட்டாத குட்டை இனங்களையும் உண்டாக்கினார்கள். 'பான்டம்' என்று உலகம் அழைப்பது இத்தகைய குட்டைக் கோழிகளைத்தான். உருவம் சுருங்கினாலும் வீறாப்பு சுருங்கவில்லை. இரண்டு குட்டைச் சேவல்களை ஒரே கூண்டில் விட்டால் ரத்தம்தான். அங்கே உடம்பைச் சுருக்கினார்கள், நம்மவர்கள் வாலை நீட்டினார்கள்.

நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளை மோதவிடுவது குற்றம். ஆனாலும் பொங்கல் வந்தால் கட்டு நடக்கும் ஊர்கள் உண்டு. காலில் கத்தி கட்டினால் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் சேவலின் திறமையைவிடக் கத்தியின் கூர்மைக்கே பங்கு அதிகம். வம்சத்தைக் காக்கிறோம் என்று கட்டு நடத்துபவர்கள் சொல்லும் வாதம் அந்த இடத்தில் எடுபடாது. கண்காட்சி அதைவிட நல்ல வழி.

ஒரு கவலையும் உண்டு. மூக்கும் வாலும் மட்டுமே விலையைத் தீர்மானித்தால், வளைவு மிஞ்சி மிஞ்சித் தானியம் பொறுக்கத் தடுமாறும் பறவைதான் மிஞ்சும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் முட்டை பொரிப்பதும் குஞ்சு பிழைப்பதும் குறையும்.

வாங்க நினைப்பவர்கள் சேவலின் வாலில் மயங்கிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். குஞ்சுக்குப் பாதி மரபு தாயிடமிருந்து வருகிறது. முதலில் பெட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.