காலி வண்டியும் கறுத்த வானமும்

2012 ஏப்ரல் 3. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகருக்குத் தெற்கே ஒரு லாரி யார்டு. வரிசையாக நிறுத்திவைத்திருந்த டிரெய்லர்களை ஒரு டொர்னாடோ தூக்கி வானத்தில் சுழற்றியடித்தது. ஹெலிகாப்டரிலிருந்து ஒரு தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டியது. டொர்னாடோவின் வலிமையைச் சொல்லும், பூஜ்யத்தில் தொடங்கி ஐந்தில் முடியும் அளவுகோலில் அந்தக் காற்று வாங்கிய மதிப்பெண் வெறும் இரண்டு.

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லர் பெட்டி 53 அடி நீளம். தரையிலிருந்து உச்சி வரை 13½ அடி. பக்கக் காற்றுக்கு அது ஒரு சுவர். முழு லோடு ஏற்றினால் வண்டியின் மொத்த எடை 36 டன். இறக்கிவிட்டால் அதில் பாதிகூடத் தேறாது. ஆனால் சுவரின் பரப்பு குறைவதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே காலி வண்டியைக் கவிழ்க்க டொர்னாடோவே வர வேண்டியதில்லை. அதைச் சுமந்து வரும் இடிமழை மேகத்தின் பக்கக் காற்றே போதும். லோடு இறக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று டிரைவர் நிம்மதியாகத் திரும்பும் நேரம்தான் அவருக்கு ஆபத்து அதிகம்.

இதையெல்லாம் மறக்கடிக்கவே சில வீடியோக்கள் சுற்றுகின்றன. 2022 மார்ச்சில் டெக்சாஸின் எல்ஜின் அருகே ஒரு சிவப்பு பிக்கப் வண்டியை டொர்னாடோ பக்கவாட்டில் சாய்த்துச் சுழற்றி, மறுபடி நிமிர்த்திவைத்தது. ஓட்டிய 16 வயதுப் பையன் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். உலகமே பார்த்து வியந்தது. பிழைத்தவனின் வீடியோதானே பரவும்!

அதைவிடக் கெடுதல் செய்தது 1991இல் கான்சாஸ் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எடுத்த வீடியோ. தொலைக்காட்சிக் குழுவினரும் வேறு சிலரும் மேம்பாலத்தின் அடியில் ஒண்டி உயிர் தப்பினார்கள். மேம்பாலம் நல்ல மறைவு என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவியது. எட்டு வருடம் கழித்து, 1999 மே 3 அன்று, ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் மக்கள் ஒதுங்கினார்கள். மூன்றிலும் உயிர் போயிற்று. பாலத்தடியின் குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் வேகமெடுக்கும். பறந்து வரும் தகரமும் கட்டையும் உள்ளே பாயும். போதாததற்கு, ஒதுங்கியவர்களின் வண்டிகள் பின்னால் வருகிறவர்களின் வழியையும் அடைத்துவிடும்.

சரி, ஓட்டியே தப்பிவிடலாமா? டொர்னாடோ தொலைவில் இருந்து, சாலையும் காலியாக இருந்தால், அது போகும் திசைக்குக் குறுக்காக விலகிப் போகலாம். இடமோ வலமோ நகராமல், நின்ற இடத்திலேயே பெருத்துக்கொண்டு போவதாகத் தெரிந்தால் அது நம்மை நோக்கித்தான் வருகிறது. ஆனால் இரவிலும், மழைத் திரைக்குள்ளும் எதுவும் தெரியாது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே வந்த டொர்னாடோவின் அகலம் 4.2 கிலோமீட்டர். அதில் சிக்கி இறந்த எட்டுப் பேருமே வண்டிகளில் இருந்தவர்கள். டொர்னாடோவையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டிம் சமராஸ் அவர்களில் ஒருவர்.

அனுபவசாலி டிரைவர்கள் வானத்தைவிட ரேடியோவைத்தான் நம்புகிறார்கள். ‘வாட்ச்’ என்றால் டொர்னாடோ உருவாகும் சூழல் இருக்கிறது. ‘வார்னிங்’ என்றால் ரேடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது. இதில் வெளியூர் டிரைவருக்கு ஒரு சங்கடம் உண்டு. ரேடியோ மாவட்டப் பெயரைத்தான் வாசிக்கும். கலிபோர்னியாவிலிருந்து வருகிறவருக்குத் தான் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது எந்த மாவட்டம் என்று எப்படித் தெரியும்? அதனால் விவரமானவர்கள் மாவட்ட எல்லைப் பலகையையும் மைல் கல்லையும் பார்த்துக்கொண்டே வருவார்கள். அடுத்த மாவட்டத்தின் பெயரையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

‘வாட்ச்’ அறிவித்ததுமே லாரி நிறுத்தத்தில் ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம். ‘வார்னிங்’ வந்தபின் கிடைப்பது சில நிமிடங்களே. அங்கும் கேபினில் படுத்துவிடக் கூடாது. கட்டடத்துக்குள், ஜன்னல் இல்லாத குளியலறையோ கழிப்பறையோதான் சரியான இடம். ஒதுங்க எதுவுமே இல்லாவிட்டால் வானிலைத் துறை இரண்டு வழி சொல்கிறது: பெல்ட்டை மாட்டியபடி ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்தி மூடிக்கொள்வது, அல்லது இறங்கிப் போய்ப் பள்ளத்தில் குப்புறப் படுப்பது. காலி டிரெய்லரை இழுத்து வருகிறவருக்கு இரண்டாவதுதான் மேல் என்பது என் எண்ணம். ஆனால் வண்டி உருண்டு வந்து மேலே விழாத தொலைவில் படுக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் ஓட்டுகிறார்கள்? பலருக்கும் கூலி மைல் கணக்கில். நின்றால் காசில்லை. கூட்டாட்சி விதிகளின்படி ஒரு பணி நாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். புயலுக்காக இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றாலும் அந்தக் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். மோசமான வானிலைக்கு இரண்டு மணி நேரச் சலுகை உண்டுதான். ஆனால் கிளம்பும்போதே எதிர்பார்த்திருக்கக்கூடிய வானிலைக்கு அது பொருந்தாது. காலையிலேயே ‘வாட்ச்’ அறிவித்திருந்தால் சலுகை கேட்பது கஷ்டம்.

நிலைமை மிக மோசமானால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் அதே கூட்டாட்சி விதிகள் சொல்கின்றன. ஆபத்தான நிலையில் ஓட்ட மறுக்கும் டிரைவரை வேலையிலிருந்து தூக்கக் கூடாது என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் காப்புத் தருகிறது. நிறுத்திய நேரத்துக்குக் கூலி தரச் சொல்லித்தான் அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.