வர்க்கி தொடாத ஜாக்கி

ஊட்டி ரேஸ் என்றதும் எல்லாருக்கும் கண்ணில் வருவது முன்பக்கம்தான். கூலிங் கிளாஸ் போட்ட முதலாளிகள், கேலரியில் தொண்டை கிழியக் கத்தும் கூட்டம், தரையெல்லாம் கிழித்துப் போட்ட டிக்கெட். நமக்கு அதெல்லாம் வேண்டாம். பின்பக்கமாக வாருங்கள், லாயத்தைத் தாண்டி ஜாக்கிகள் உடைமாற்றும் அறைக்கே போய்விடுவோம். இது 2024-க்கு முந்தைய சீசன் கதை. கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

நாம் தேடி வந்திருப்பது சூரஜ் நரேடு மாதிரிப் பெரிய தலைகளை அல்ல. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ குதிரை கிடைத்தாலே குலதெய்வத்தைக் கும்பிடும் கடைசி வரிசை ஜாக்கிகளை. அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்கு என்எச்எல் என்று பெரிய லீக் இருக்கிறது. அதற்குக் கீழே ஏஎச்எல், அதற்கும் கீழே ஈசிஎச்எல். கீழ்ப்படியில் ஆடுகிறவர் பஸ்ஸிலேயே ஊர் ஊராகச் சுற்றுவார், மேலிருந்து என்றைக்காவது அழைப்பு வரும் என்ற நம்பிக்கையில். நம் ஆளுக்கும் அதே பிழைப்புதான்! சென்னை, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத் என்று சீசன் எங்கேயோ அங்கே ஜாகை. கிண்டி கொதிக்க ஆரம்பித்ததும் மெட்ராஸ் ரேஸ் கிளப்பே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். குதிரைகளும் வேனில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேரும். 7,000 அடிக்கு மேல் காற்று லேசு. அதற்கு நுரையீரல் பழக வேண்டும் என்பதால் முன்கூட்டியே வந்துவிடுவது நல்லது.

இதோ, அறைக்குள் வந்துவிட்டோம். குதிரையைத் தேடாதீர்கள், இங்கே ராஜா எடை மெஷின்தான்!

ஒவ்வொரு குதிரையும் எத்தனை கிலோ சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதித்திருப்பார்கள். நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைச்சல். ஜாக்கி சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு மெஷினில் உட்காருவார். எடை குறைந்தால் சேணத்தடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஹெல்மெட்டும் சாட்டையும் கணக்கில் சேராது. கூடிவிட்டால்? அங்கேதான் வயிற்றைக் கலக்கும். சவாரி வேறு ஆளுக்குப் போய்விடலாம்.

அதனால் ஜாக்கி உண்மையாகவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் வாழ வேண்டும். கிண்டியில் கனமான உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினால் வேர்வையோடு எடையும் இறங்கும். ஊட்டிக் குளிரில் வேர்வை வருமா? போதாக்குறைக்கு, கேட்டைத் தாண்டினால் சூடான மிளகாய் பஜ்ஜி, ஆவி பறக்கும் டீ, மொறுமொறு வர்க்கி. ஊரே தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் அரை டம்ளர் கட்டன் டீயோடு நிற்பார். உலகத்திலேயே கொடுமையான வேலை இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இன்னும் வேடிக்கை, பயிற்சி ஜாக்கிகளுக்குக் கிடைக்கும் எடைச் சலுகை. புதுப் பையன் ஏறினால் குதிரையின் பாரத்தில் சில கிலோவைத் தள்ளுபடி செய்வார்கள். அந்தச் சில கிலோவுக்காகவே டிரெய்னர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஜெயிக்க ஜெயிக்கச் சலுகை கரையும். முழுதாகப் போன அன்றைக்குப் பெரிய ஜாக்கிகளோடு சமமாக மோத வேண்டும், போனவாரம் வரை கூப்பிட்டவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். பல பேருடைய கேரியர் அந்த இடத்திலேயே சறுக்கும். சவாரி கிடைக்காதவர் விடியற்காலையில் அடுத்தவர் குதிரைகளை கேலப் விட்டுப் பழக்கிப் பிழைப்பை ஓட்டுவார்.

மே மாத மழையில் இன்னொரு கூத்து உண்டு, கவனியுங்கள்: ஜாக்கி ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடி மாட்டியிருப்பார். முன்னால் போகும் குதிரை சேற்றை வாரி அடிக்க, மேல் கண்ணாடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததில் பார்ப்பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அரை டன் எடையுள்ள பிராணியின் மேல், உட்காராமல் குனிந்து நின்றபடி! பின்னாலேயே ஆம்புலன்ஸும் ஓடி வரும். அதை யாரும் பார்க்காத மாதிரி நடித்துக்கொள்வார்கள்.

பந்தயம் முடிந்தாலும் உடனே கொண்டாட முடியாது. சேணத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி மெஷினில் ஏற வேண்டும். புறப்பட்டபோது இருந்த எடை சரியாக இருந்தால்தான் ‘ஆல் கிளியர்’. அப்புறம்தான் பணம் பட்டுவாடா. ஜாக்கி பந்தயம் கட்டவே கூடாது என்பதும் சட்டம்.

இந்த மெஷினில் ஏறி இறங்கிச் சாதித்தவர்களில் சென்னையின் ரூபா சிங்கை விட்டுவிட முடியாது. இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கி, 700-க்கும் மேற்பட்ட வெற்றிகள். ஆண்கள் நிரம்பிய தொழிலில் ஒரு பெண் இத்தனை தடவை ஜெயித்ததைச் சினிமாக்காரர்கள் இன்னும் எடுக்காமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.

ரேஸ் வெறும் சூதாட்டம் என்று 1974-ல் கலைஞர் அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. ஈயத் தகட்டையும் சேற்றுக் கண்ணாடியையும் பார்த்த நமக்கு அதில் சந்தேகம் வராது.

ஆனால் கிளப்பின் ஊட்டி இடத்துக்கு வேறு ஆபத்து வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே சுமார் 52 ஏக்கர். 1978-லேயே குத்தகைக் காலம் முடிந்த அரசு நிலம். வாடகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொல்லி, 2024 ஜூனில் நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே சூழல் பூங்கா அமைக்கத் திட்டம். பாக்கியை வசூலிப்பதும், ஊர் நடுவில் பூங்கா வருவதும் நியாயம்தான், மறுக்கவில்லை. பூங்கா கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதில் ஒரு மூலையை இந்தக் கடைசி வரிசை ஜாக்கிகளுக்கு ஒதுக்குங்கள். சேணம், ஈயத் தகடு, ஒரு எடை மெஷின் இருந்தால் போதும். பக்கத்திலேயே வர்க்கிக் கடையும் வையுங்கள்.